“உன் திட்டத்தில் தம்பி எங்கே இருந்தான்?”

தித்தி கெராவாங் ஏற்றத்தில், சாலையோரப் புல்லில் தம்பி உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. கை சில்லென்று இருந்தது, ஆனால் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பாலிக் பூலாவில் சாப்பிட்ட லாக்சா முழுவதையும் வாந்தி எடுத்துவிட்டான். மணி 11.50. எங்கள் தண்ணீர்ப் புட்டிகள் நான்கும் காலி. அவனுடைய வலது தொடை பிடித்துக்கொண்டு, தொட்டால் கல்லாக இருந்தது.

“அக்கா, ரெண்டு நிமிசம். ஏறிடுவேன்,” என்றான். அவனால் ஏற முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

பழங்கள் ஏற்றிய ஒரு சிறிய லோரி எங்களைத் தாண்டிப்போய் நின்று, பின்னால் வந்தது. அதிலிருந்து இறங்கிய பாக்சிக் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தம்பியை நிழலுக்கு நகர்த்திப் படுக்க வைத்தார். தம் துண்டை நனைத்து அவன் கழுத்தில் சுற்றினார். “மினும் சிகிட்-சிகிட்,” என்று தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார். பிறகு இரண்டு சைக்கிள்களையும் பழக்கூடைகளுக்கு நடுவே ஏற்றி, எங்களைப் பாலிக் பூலாவ் கிளினிக்கில் இறக்கிவிட்டார். வெப்பச் சோர்வு என்றார் மருத்துவர். இன்னும் அரை மணி நேரம் வெயிலில் மிதித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்றும் சொன்னார்.

அன்று மாலை அம்மா தொலைபேசியில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ரெண்டு வாரமா திட்டம் போடுறேன், திட்டம் போடுறேன்னு சொன்னியே. அந்தத் திட்டத்துல தம்பி எங்கடி இருந்தான்?”

என்னிடம் பதில் இல்லை.

நான் பினாங்கில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தம்பிக்கு வயது பதினாறு, படிவம் நான்கு மாணவன், புக்கிட் மெர்தாஜாமில் அம்மாவுடன் இருக்கிறான். பினாங்குத் தீவை சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. பிப்ரவரியில் அது இப்படி முடிந்தது. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கிளம்பினோம். இரண்டுக்கும் இடையில் நாங்கள் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. சைக்கிள் ஓட்டாதவர்களும் படிக்கலாம். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மலையேறவோ அருவிக்குப் போகவோ திட்டம் போடுகிறவர்களுக்கும் இதில் சில செய்திகள் இருக்கின்றன.

முதல் திட்டத்தில் என்ன தவறு?

பினாங்குத் தீவைச் சுற்றும் சாலை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வடக்கே தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் என்று கடலை ஒட்டிப் போகும். தெலுக் பஹாங்கில் கடலை விட்டுத் தெற்கே திரும்பி, அணைக்கட்டைத் தாண்டி மலையில் ஏறும். உச்சி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேல். அங்கிருந்து தித்தி கெராவாங் அருவி, பழக்கடைகள் வழியாக வளைந்து வளைந்து பாலிக் பூலாவுக்கு இறங்கும். பிறகு புக்கிட் கெந்திங் என்ற இன்னொரு குன்றைக் கடந்தால் தெலுக் கும்பார். மறுபடியும் கடல். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்குக் கரையோரமாக ஜோர்ஜ்டவுன் திரும்பலாம்.

முதல் முறை நான் செய்தது என்ன? கைப்பேசி வரைபடத்தில் கோட்டை வரைந்தேன். 70 கிலோமீட்டரை மணிக்கு 18 கிலோமீட்டரால் வகுத்தேன். நான்கு மணி நேரம் வந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் சேர்த்தேன். திட்டம் முடிந்தது.

அந்த 18 யாருடைய வேகம்? என்னுடையது. வாரத்தில் மூன்று நாள் சைக்கிள் ஓட்டுகிற என்னுடைய வேகம். தம்பி பள்ளிக்குப் போய் வருவதைத் தவிர ஓட்டியதில்லை. அவனுக்காக நான் கணக்கில் சேர்த்தது எதுவுமே இல்லை.

திசையிலும் கோட்டை விட்டேன். நான் கெலுகோரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அங்கிருந்து தெற்கே போனால் சாலை முதலில் தட்டையாக இருக்கும், உடம்பு சூடாகட்டும், மலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் 7.45-க்குக் கிளம்பினோம். பாலிக் பூலாவை அடைந்தபோது 10.15. பசியில் ஆளுக்கு இரண்டு கிண்ணம் லாக்சா. மறுபடியும் ஏறி உட்கார்ந்தபோது 11 மணி. அதாவது, சுற்றின் மிகப் பெரிய ஏற்றத்தை, நாளின் மிகக் கொடிய வெயிலில், நிறைந்த வயிற்றோடு ஏறும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன். வேண்டுமென்றே திட்டமிட்டிருந்தால்கூட இதைவிட மோசமாகச் செய்திருக்க முடியாது.

இரண்டாம் முறை எதிர்த்திசையைத் தேர்ந்தெடுத்தோம். இருட்டோடு கிளம்பி, ஜோர்ஜ்டவுன் வழியாக முதலில் வடக்குக் கரை. பத்து பெரிங்கி சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிப் போவது. ஞாயிறு பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகளும் கார்களும் வரிசைகட்டும். ஏழு மணிக்கு அது கிட்டத்தட்ட நம்முடையது. மலையை எட்டு மணிக்கு ஏறலாம், அப்போது வெயில் மரங்களுக்கு மேலேதான் இருக்கும். களைத்துப்போன பிறகு வரும் தெற்குப் பகுதியில், புக்கிட் கெந்திங்கைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் சமதளம். கடைகளும் அடிக்கடி வரும்.

இடது பக்கம் ஓட்டும் நம் நாட்டில் இந்தத் திசையில் போனால் கடல் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு அது ஒரு குறை. எங்களுக்குப் படத்தைவிட நிழல் முக்கியமாக இருந்தது.

மாடிப்படியில் ஓர் இயற்பியல் பாடம்

தூரத்தை வைத்து மட்டும் ஒரு சாலையின் கடினத்தைச் சொல்ல முடியாது. ஏறும் உயரத்தையும் பார்க்க வேண்டும். இயற்பியலில் படிப்போமே, நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் நிலையாற்றல். தம்பி 62 கிலோ. சைக்கிள், தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்த்து 75 கிலோ என்று வைத்துக்கொண்டோம். 200 மீட்டர் ஏற 75 × 9.8 × 200. அதாவது 147,000 ஜூல்.

சரி, ஒரு விநாடிக்கு அவனால் எத்தனை ஜூல் கொடுக்க முடியும்? ஆற்றல் அளக்கும் கருவி வாங்க எங்களிடம் காசில்லை. மாடிப்படி இருந்தது. என் அடுக்குமாடியில் ஒரு படியின் உயரம் 17 சென்டிமீட்டர். 176 படி ஏறினால் ஏறக்குறைய 30 மீட்டர். “ஓடக்கூடாது. பேசிக்கிட்டே ஏறுற வேகத்துல ஏறு,” என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினேன். இரண்டரை நிமிடம் ஆனது. 62 × 9.8 × 30-ஐ 150 விநாடிகளால் வகுத்தால் சுமார் 120 வாட்.

147,000-ஐ 120-ஆல் வகுத்தோம். 1,225 விநாடிகள், அதாவது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். இது புவியீர்ப்பை மட்டும் வெல்வதற்கு. காற்று, சாலையின் உராய்வு, வெப்பம் எல்லாம் தனி. இரண்டரை நிமிடம் கொடுத்த ஆற்றலை அரை மணி நேரம் கொடுக்கவும் முடியாது. ஆகவே தெலுக் பஹாங்கிலிருந்து உச்சிக்கு, ஓய்வோடு சேர்த்து, 40 நிமிடம் என்று எழுதிக்கொண்டோம். முதல் திட்டத்தில் அந்த மலைக்கு நான் ஒதுக்கியிருந்தது 15 நிமிடம்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு படியின் உயரத்தை அளக்க ஓர் அடிக்கோல் போதும்.

மூன்று மிதியா, நான்கு மிதியா?

அடுத்து சைக்கிளைப் பார்த்தோம். தம்பியுடையது அப்பாவின் நண்பர் ஒருவர் கொடுத்த பழைய பந்தய சைக்கிள். அழகாக இருக்கும். முன்னால் உள்ள சிறிய பற்சக்கரத்தில் 39 பல், பின்னால் பெரியதில் 25 பல். மிக இலகுவான கியரில் ஒரு முறை முழுதாக மிதித்தால் சக்கரம் ஒன்றரை சுற்றுக்கு மேல் சுற்றி, சுமார் 3.3 மீட்டர் முன்னே போகும். என் சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 28. ஒரு மிதிக்கு 2.5 மீட்டர் அளவுதான்.

அதாவது மலையில் நான் நான்கு மிதியில் கடக்கும் தூரத்தை அவன் மூன்றே மிதியில் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு மிதியும் அவனுக்குக் கூடுதல் பாரம். முதல் முறை அவன் தொடை பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். நான் முன்னால் இலகுவாக மிதித்துக்கொண்டே, “ஏன்டா இவ்ளோ மெதுவா வர்ற?” என்று கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோனோம். “பின்னாடி 32 பல் போடலாமா அண்ணே?” என்று கேட்டேன். சங்கிலியை நகர்த்தும் கருவியின் கை குட்டையாக இருப்பதால் 28-க்கு மேல் தாங்காது என்றார். 28 போட்டோம். ஒரு மிதிக்கு 2.9 மீட்டர். கொஞ்சம் பரவாயில்லை. தேய்ந்திருந்த பிரேக் கட்டைகளையும் மாற்றினோம். காசு கொடுக்கும்போது அவர் தம்பியிடம் சொன்னார்: “ரொம்ப செங்குத்தா வந்தா இறங்கித் தள்ளு, தம்பி. சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறவன் தோத்தவன் இல்ல. உக்காந்துட்டா தான் கஷ்டம்.”

அதை அப்படியே திட்டத்தில் எழுதினோம். அணைக்கட்டுக்கு மேலே உள்ள செங்குத்தான வளைவுகளுக்கு நேரே, “தள்ளலாம்” என்று ஒரு சொல். எழுதி வைத்த பிறகு அது தோல்வியாகத் தெரியவில்லை. அது திட்டத்தின் ஒரு பகுதி ஆகிவிட்டது.

தண்ணீர், சாப்பாடு, ஓய்வு

நம் ஊர் வெயிலில் சைக்கிள் ஓட்டும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். முதல் முறை தாகம் எடுத்தபோது குடித்தோம், தீர்ந்தபோது தேடினோம். இரண்டாம் முறை, ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் என் கைக்கடிகாரம் ஒலிக்கும், இருவரும் இரண்டு மடக்குக் குடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். புட்டிகளை நிரப்பும் இடங்களையும் குறித்தோம்: தெலுக் பஹாங், பாலிக் பூலாவ், தெலுக் கும்பார். தெலுக் பஹாங்கிலிருந்து மலையேறும்போது புட்டிகள் நிறைந்திருக்க வேண்டும். ஒரு புட்டியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சிட்டிகை உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்தது.

நீண்ட நேர உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். விலை உயர்ந்த சத்துப் பாக்கெட்டுகள் எதுவும் வாங்கவில்லை. பைக்குள் ஆறு வாழைப்பழம், அத்தை செய்து கொடுத்த கடலை மிட்டாய். தெலுக் பஹாங்கில் ஒரு சிறிய நாசி லெமாக். லாக்சா வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் என்று அத்தை முன்னால் சத்தியம் செய்தோம்.

வெப்பச் சோர்வின் அறிகுறிகளையும் ஒரு சீட்டில் எழுதி மனப்பாடம் செய்தோம். தலைவலி, மயக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு, வெளுத்துக் குளிர்ந்த தோல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிழலில் படுக்க வேண்டும், கால்களை உயர்த்தி வைக்க வேண்டும், ஈரத்துணி போட வேண்டும், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ தாமதிக்காமல் 999. பாக்சிக் அன்று செய்தது ஏறக்குறைய இவைதாம். அவருக்குத் தெரிந்திருந்தது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்குத் தெரியவில்லை.

திரும்புவதற்கும் ஒரு திட்டம்

ஒரே வழியில் போய்த் திரும்பும் பயணத்தில், களைத்தால் வந்த வழியே திரும்பலாம். சுற்றுப்பயணத்தில் அந்த வசதி குறைவு. பாதி தூரம் போய்விட்டால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே அளவுதான். பாலிக் பூலாவில் நின்றால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு மலை. அதனால் எங்கே நிறுத்துவது, யார் வந்து அழைத்துப்போவது என்பதை வீட்டிலிருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் அத்தை வீடு ஜெலுத்தோங்கில். மாமா காய்கறி வியாபாரி, வேன் வைத்திருக்கிறார். ஞாயிறு வியாபாரம் அவருக்கு முக்கியம். ஆனாலும், “பதினொரு மணி வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருப்பேன்,” என்றார். மூன்று இடங்களைக் குறித்துக் கொடுத்தோம். அந்த மூன்று இடத்திலிருந்தும் தம்பி அம்மாவுக்கு ஒரு வரி செய்தி அனுப்ப வேண்டும்.

பாலிக் பூலாவுக்கு ஒரு நேர வரம்பும் வைத்தோம். அங்கிருந்து வீடு திரும்ப இரண்டு வழி உண்டு. ஒன்று ஜாலான் துன் சார்டோன். நேராக மலைமேல் ஏறிப் பாயா தெருபோங் பக்கம் இறங்கும். தூரம் குறைவு, ஏற்றம் அதிகம், இறங்கும் இடத்தில் வாகன நெரிசல். இன்னொன்று புக்கிட் கெந்திங், தெலுக் கும்பார் வழி. தூரம் அதிகம், ஏற்றம் குறைவு, மாமாவின் வேன் சுலபமாக வந்து சேரும். எனக்குத் துன் சார்டோன் ஏற ஆசை. தம்பிக்கும்தான். “9.30-க்குள் பாலிக் பூலாவ், இருவருக்கும் உடம்பு சரி, வானம் தெளிவு. மூன்றும் இருந்தால் மட்டும் துன் சார்டோன்,” என்று தாளில் எழுதினோம்.

கடைசியாக இரண்டு விதிகள். ஏற்றத்தில் மெதுவாகப் போகிறவர்தான் முன்னால் போக வேண்டும், வேகமானவர் பின்னால். யார் “நில்” என்றாலும் காரணம் கேட்காமல் நிற்க வேண்டும். இரண்டாவது விதியைத் தம்பியே எழுதினான். அன்று மலையில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு அரை மணி நேரமாகத் தோன்றியதாம். நான் திட்டுவேன் என்று சொல்லவில்லையாம். நான் அன்று கற்ற பாடங்களிலேயே அதுதான் அதிகம் வலித்தது.

ஏப்ரல் ஞாயிறு

சனிக்கிழமை மாலை தம்பி பட்டர்வொர்த்திலிருந்து சைக்கிளோடு பெர்ரியில் வந்து அத்தை வீட்டில் தங்கினான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, முன்னும் பின்னும் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஜோர்ஜ்டவுனில் சில கடைகள்தான் திறந்திருந்தன. தஞ்சோங் தோக்கோங் தாண்டும்போது கிழக்கே வானம் வெளுக்க ஆரம்பித்தது.

பத்து பெரிங்கிக்குச் சற்று முன் என் பின்சக்கரம் காற்று இறங்கியது. கண்ணாடித் துண்டு. வீட்டில் பழகியபோது 12 நிமிடத்தில் டியூப் மாற்றியிருக்கிறேன். சாலையோரத்தில், லேசான இருட்டில், கை வழுக்க வழுக்க 25 நிமிடம் ஆனது. டயருக்குள் இன்னும் துண்டு ஏதும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்பதைத் தம்பிதான் நினைவுபடுத்தினான். இருந்தது. எடுத்தோம்.

தெலுக் பஹாங்கில் நாசி லெமாக் சாப்பிட்டு, புட்டிகளை நிரப்பி, அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு ஏற ஆரம்பித்தபோது 8.20. தம்பி முன்னால், நான் பின்னால். அவன் பின்னால் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் போவது எனக்கு முதலில் பொறுமையைச் சோதித்தது. அணைக்கட்டின் கரை இடதுபுறம் பசேலென்று உயர்ந்து நின்றது. அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு நெருங்கியது. எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். இரண்டு வளைவுகளில் அவன் இறங்கித் தள்ளினான். நானும் இறங்கித் தள்ளினேன். ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

உச்சியை அடைய 38 நிமிடம் ஆனது. தாளில் எழுதியது 40. தம்பி தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “இயற்பியல் வேலை செய்யுது அக்கா,” என்றான்.

இறக்கத்தில்தான் அதிக கவனம் வேண்டும். ஒருவருக்கு ஒருவர் நல்ல இடைவெளி விட்டோம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தோம், வளைவுக்குள் பிரேக்கை இறுக்கவில்லை. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறிவிடும் என்பதால் விட்டு விட்டுப் பிடித்தோம். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை. பிப்ரவரியில் தம்பி படுத்திருந்த இடம் வந்தது. அவன் ஒரு கையால் அதைக் காட்டினான். “ரெண்டு கையையும் வை!” என்று கத்தினேன்.

வழியில் பழக்கடைகளில் அந்த பாக்சிக்கைத் தேடினோம். அவருடைய லோரி தென்படவில்லை. அவருக்காகப் பையில் கொண்டுவந்த அத்தையின் முறுக்குப் பொட்டலத்தை, அடையாளம் சொல்லி, ஒரு கடைக்கார அம்மாவிடம் கொடுத்தோம். யாரென்று தெரியும் என்று சிரித்தார்.

பாலிக் பூலாவ் கடிகாரத்தில் 9.50.

வரம்பைத் தாண்டி இருபது நிமிடம். ஆனால் உடம்பு நன்றாக இருந்தது. தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். துன் சார்டோன் பக்கம் மலை நின்றுகொண்டிருந்தது, அதன் தலையில் சாம்பல் நிற மேகம் சேர ஆரம்பித்திருந்தது. எனக்குள் பிப்ரவரியின் அக்கா எட்டிப் பார்த்தாள். “இருபது நிமிசம் தானே? அந்தப் பக்கம் தூரமும் கம்மி. மழை வர்றதுக்குள்ள தாண்டிடலாம். என்ன சொல்ற?”

தம்பி வாழைப்பழத்தை மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். “தாள்ல என்ன எழுதியிருக்கு?”

“எழுதியது நாம தானே. மாத்திக்கலாம்.”

“வீட்ல உக்காந்து எழுதுனப்ப நமக்கு அவசரம் இல்ல. இப்ப இருக்கு. எந்த அக்கா சொல்றதைக் கேக்கறது?”

நான் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் தெற்குப் பக்கம் திருப்பினேன்.

புக்கிட் கெந்திங்கும் சும்மா விடவில்லை. அங்கேயும் ஒரு முறை தள்ளினோம். தெலுக் கும்பாரில் கடல் கண்ணில் பட்டபோது முதல் துளி விழுந்தது. ஒரு கடைக்குள் ஒதுங்கித் தே ஓ ஆயிஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அரை மணி நேரம் கொட்டியது. நாங்கள் கடந்துவந்த மலைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தால் மலையே தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. அந்த மழையில், வழுக்கும் இறக்கத்தில், பாயா தெருபோங் வாகனங்களுக்கு நடுவே நாங்கள் இருவரும் இருந்திருக்கலாம். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. தம்பி மாமாவுக்கு அழைத்து, “வேன் வேணாம் மாமா, வியாபாரத்தைப் பாருங்க,” என்றான்.

பகல் 1.10-க்குக் கெலுகோர் வந்து சேர்ந்தோம். ஏழு மணி நேரத்துக்கும் மேல். முதல் திட்டத்தில் நான் போட்ட கணக்கு ஐந்து மணி நேரம்.

நீங்கள் கிளம்புமுன்

பாலிக் பூலாவ் என்றால் மலாயில் தீவின் பின்புறம் என்று பொருள். ‘பாலிக்’ என்பதற்குத் திரும்புதல் என்றும் பொருள் உண்டு. அன்று அந்த இடம் எங்களுக்கு அந்த இரண்டாவது பொருளையே கற்றுக்கொடுத்தது.

உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம், மலை இல்லாமல் இருக்கலாம். நண்பர்களோடு எங்கே கிளம்பினாலும் நான்கு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மில் யாருக்கு இது மிகக் கடினம்? அவர் எந்த நேரத்தில், எந்த நிலையில் அந்தக் கடினமான இடத்துக்கு வந்து சேர்வார்? எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, நாம் முடிவை மாற்றுவோம்? “போதும்” என்று சொல்ல அவருக்குப் பயம் இல்லாமல் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் எழுதிய பிறகு வரைபடத்தைத் திறங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

அன்று மாலை அம்மாவுக்கு அழைத்தேன். நான் பேசுமுன்பே அவர் கேட்டார், “தம்பி எங்க?”

“பக்கத்துல தான்மா இருக்கான். லாக்சா சாப்பிடுறான்.”

“எத்தனையாவது கிண்ணம்?”

“மூணாவது.”

அம்மா சிரித்தார். துன் சார்டோன் அப்படியே இருக்கிறது. ஜூன் மாதம் போகலாம் என்கிறான் தம்பி. இந்த முறை திட்டத்தை அவன் எழுதுகிறான். நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்க வேண்டும்.